ஈயன்னாவின் இரண்டு புள்ளிகள்

என் மகனுக்கு ஐந்து வயது. பெங்களூரில் அல்சூரில் குடியிருக்கிறோம். பள்ளிக்கூடத்தில் ஆங்கிலமும் கன்னடமும் எழுதப் பழகுகிறான். தமிழ் எங்கள் வீட்டுப் பேச்சோடு நின்றுவிடுகிறது. கையில் எடுத்து, தடவிப் பார்த்து, குழியில் பொருத்தி விளையாடுகிற மாதிரி ஓர் எழுத்துப் பலகை வாங்கலாம் என்று கடை கடையாகத் தேடினேன். ஆங்கிலத்தில் எத்தனையோ இருந்தன. கன்னடத்திலும் இருந்தது. தமிழில் கிடைத்த ஒன்றை வாங்கி வந்து பிரித்தால், அதில் ஈயன்னாவுக்கு இரண்டு புள்ளிகளும் இல்லை. அதைக் காட்டிப் பிள்ளைக்கு எப்படிச் சொல்லிக்கொடுப்பது? நாமே செய்துவிடலாம் என்று அன்று ராத்திரியே முடிவு செய்தேன். அந்தப் புள்ளிகளை ஏன் விட்டுவிட்டார்கள் என்று புரிய எனக்கு எட்டு மாதம் ஆயிற்று.

கணக்கு எழுதுவது என் வேலை. வரைந்து பழக்கமில்லை, மெஷின் பக்கம் போனதும் இல்லை. ஆனால் எங்கள் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி ரேடியம் ஸ்டிக்கர் கடை வைத்திருக்கிற அண்ணாவைத் தெரியும். திருவண்ணாமலைப் பக்கத்திலிருந்து அவர் அப்பா காலத்திலேயே இங்கே வந்துவிட்ட குடும்பம். இந்த ஊரில் வினைல் ஸ்டிக்கரை யாரும் வினைல் என்று சொல்வதில்லை, ரேடியம்தான். வண்டி நம்பர் பிளேட்டில் ஒட்டுகிற பளபளக்கும் ஸ்டிக்கருக்கு வந்த பேர் எல்லா ஸ்டிக்கருக்கும் ஒட்டிக்கொண்டது.

நான் அவரிடம் போனது 2024 பிப்ரவரியில். கடைப் பலகைகளில் 60 சதவீதம் கன்னடம் இருக்க வேண்டும், 28-ஆம் தேதிக்குள் மாற்றியாக வேண்டும் என்று மாநகராட்சி கெடு வைத்திருந்த மாதம். ஸ்டிக்கர் வெட்டுகிற அண்ணாவின் மெஷின், ப்ளாட்டர், ராத்திரி பதினொரு மணி வரை ஓடிக்கொண்டிருந்தது. “அண்ணா, இதை எனக்குச் சொல்லிக் குடுப்பீங்களா?” என்று கேட்டேன். “வாம்மா, உட்காரு. மொதல்ல இதை உரி” என்று வெட்டி முடித்த ஒரு சுருளை என் பக்கம் தள்ளினார்.

ப்ளாட்டர் எழுத்தின் ஓரக்கோட்டை மட்டும் வெட்டும். எது எழுத்து, எது வேண்டாத சுற்றுப்புறம் என்று அதற்குத் தெரியாது. வேண்டாததை நாம்தான் ஊசியால் நெம்பி உரித்தெடுக்க வேண்டும். கன்னட எழுத்து முழுக்க வளையம். அதன் தலையில் தலைக்கட்டு என்று சின்னக் கொக்கி. சுற்றுப்புறத்தை மொத்தமாக இழுத்தால் அந்தக் கொக்கியும் கூடவே எழும்பி வந்துவிடும். ஒரு விரலால் கொக்கியை அழுத்திக்கொண்டு, மறு கையால் ஷீட்டைப் பின்பக்கமாக மடித்து, மேசையோடு மேசையாக இழுக்க வேண்டும். மேலே தூக்கி இழுத்தால் போச்சு. வளையத்துக்குள் இருக்கிற துண்டை ஊசி முனையால் ஓரத்தில் குத்தித் தூக்க வேண்டும். நடுவில் குத்தினால் கிழியும். மூன்று வாரம், வேலை விட்டு வந்ததும் தினமும் இதை மட்டும் செய்தேன். அதற்கப்புறம் எதை வரைந்தாலும், “இதை உரிக்க முடியுமா” என்று கை முன்கூட்டியே கேட்கிறது. அரை சென்டிமீட்டருக்குக் குறைவான எழுத்தையும் ப்ளாட்டர் வெட்டிவிடும். உரிக்கத்தான் முடியாது.

கத்தி எப்படித் திரும்புகிறது என்பதை அண்ணா கடையிலிருந்த கம்ப்யூட்டர் நாற்காலியைத் தள்ளிக் காட்டினார். நாற்காலியை எந்தப் பக்கம் இழுத்தாலும் அடியிலிருக்கிற சின்னச் சக்கரம் தானாகத் திரும்பிப் பின்னால் வருகிறது, இல்லையா? ப்ளாட்டர் கத்தியும் அப்படித்தான். அதன் நுனி அச்சுக்கு நேர் கீழே இல்லாமல் கால் மில்லிமீட்டர் அளவுக்குத் தள்ளி இருக்கும். அந்த அளவை மென்பொருளில் சரியாகக் கொடுக்காவிட்டால் எழுத்தின் மூலைகள் மழுங்கும். வெட்டு தொடங்கிய இடமும் முடிந்த இடமும் சேராது.

ரோல் மாறும்போதெல்லாம் அண்ணா ஓரத்தில் சுண்டுவிரல் நகம் அளவுக்கு ஒரு சதுரம் வெட்டிப் பார்ப்பார். அதே கம்பெனி, அதே கலர் என்றாலும் சரி. சதுரத்தை உரித்துவிட்டு அடித்தாளை வெளிச்சத்தில் பிடிப்பார். தாளில் மெல்லிய கீறல் மட்டும் தெரிய வேண்டும். தாள் அறுந்திருந்தால் அழுத்தம் அதிகம்; ஸ்டிக்கர் மூலையில் பிய்ந்துகொண்டு வந்தால் அழுத்தம் போதாது. இருபது வருஷமாக இந்த வேலை செய்கிறவர், ராத்திரி பத்தரை மணிக்கு வாடிக்கையாளர் வாசலில் நிற்கும்போதும் அந்தச் சதுரத்தை வெட்டாமல் வேலையை ஆரம்பித்து நான் பார்த்ததில்லை.

மரப்பலகைக்கு ப்ளாட்டர் உதவாது, லேசர் வேண்டும். ஏப்ரலில் இந்திராநகர் பக்கம் ஒரு மேக்கர் ஸ்பேஸில், அதாவது மெஷின்களைப் பலரும் பகிர்ந்து பயன்படுத்துகிற பட்டறையில், சேர்ந்தேன். அரை நாள் பாதுகாப்பு வகுப்பு முடித்தால் 80 வாட் கார்பன் டை ஆக்சைடு லேசரைத் தொட விடுவார்கள். மெஷின் ஓடுகிற நேரத்துக்கு நிமிடத்துக்கு 12 ரூபாய். மெஷினைப் பார்த்துக்கொள்கிற பெண் கிருஷ்ணகிரிக்காரி. என்னை முதல் நாளே அக்கா என்று கூப்பிட்டுவிட்டாள். இந்த வகை லேசரை 1964-இல் அமெரிக்காவில் பெல் ஆய்வகத்தில் உருவாக்கியவர் குமார் படேல் என்றும், அவர் மகாராஷ்டிரத்தில் பாராமதியில் பிறந்து புனேயில் பொறியியல் படித்தவர் என்றும் அவள் சொன்னபோது எனக்கு உண்மையிலேயே உடம்பு சிலிர்த்தது. கண்ணுக்குத் தெரியாத கதிர் அது, அலைநீளம் 10.6 மைக்ரோமீட்டர். மரம், அட்டை, துணி, அக்ரிலிக் எல்லாம் அதை உள்வாங்கி எரிந்துபோகும். நம் கண்ணுக்குக் கண்ணாடிபோலத் தெரிகிற அக்ரிலிக்கூட அந்தக் கதிருக்குச் சுவர்தான். அதனால்தான் மூடியில் அக்ரிலிக் ஜன்னல் வைத்து, உள்ளே நடப்பதை நாம் பார்க்க முடிகிறது.

முதலில் எழுத்துகளைப் போட்டு வைக்க ஒரு பெட்டி செய்யலாம் என்று தொடங்கினேன். ஆணி, பசை எதுவும் இல்லாமல், பலகையின் பல்லும் பள்ளமும் ஒன்றோடொன்று இறுகிப் பிடிக்கிற பெட்டி. அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் நீல் கெர்ஷன்ஃபெல்ட் 1998-இல் தொடங்கிய வகுப்பின் வழியாக உலகெங்கும் பரவிய ஃபேப் லேப் என்ற பொதுப் பட்டறைகளில் லேசர் கற்கிறவர்களுக்கு இது ஆரம்பப் பயிற்சி. அந்த ஃபேப் லேப்களில் மிகப் பழையவற்றுள் ஒன்று 2002-இல் புனே பக்கத்தில் பாபல் என்ற கிராமத்தில் விஞ்ஞான் ஆசிரமத்தில் தொடங்கியது. ஆரம்பப் பயிற்சிதானே, சுலபமாக வந்துவிடும் என்று நினைத்தேன்.

கடையில் 3 மில்லிமீட்டர் எம்டிஎஃப் என்று கேட்டு வாங்கினேன்; மரநாரை அழுத்திச் செய்கிற பலகை அது. பள்ளங்களை 3 மில்லிமீட்டர் என்று வரைந்தேன். வெட்டி, மூட்டி, மேசையில் வைத்தேன். கையை எடுத்ததும் நான்கு பக்கமும் சாய்ந்து விழுந்தது. அந்தப் பெண் ஒன்றும் சொல்லாமல், நுணுக்கமாகத் தடிமன் அளக்கிற வெர்னியரை என் கையில் கொடுத்தாள். பலகையை அளந்தேன்: 2.8. பள்ளத்தை அளந்தேன்: 3.15. லேசர் வெட்டுகிற கோட்டுக்கும் ஒரு அகலம் உண்டு. அந்தக் கோட்டில் இருக்கிற மரம் புகையாகப் போய்விடுகிறது. கெர்ஃப் என்று சொல்வார்கள்; அந்த மெஷினில் அந்தப் பலகைக்கு 0.15 மில்லிமீட்டர். அதில் பாதி பள்ளத்தின் இந்த ஓரத்திலும் பாதி அந்த ஓரத்திலும் போவதால் பள்ளம் அகன்றுவிட்டது. பலகையோ ஏற்கெனவே மெலிந்தது. இரண்டும் சேர்ந்து 0.35 இடைவெளி. நூறு ரூபாய் நோட்டை இரண்டு மூன்றாக மடித்துச் செருகலாம்.

அப்புறம் சீப்பு செய்யக் கற்றுக்கொண்டேன், பள்ளத்தின் சரியான அளவைக் கண்டுபிடிக்கிற சோதனைத் துண்டு. கையகலத் துண்டு ஒன்றில் 2.4-லிருந்து 3.0 வரை 0.1 கூட்டிக் கூட்டி ஏழு பள்ளங்கள். ஒவ்வொன்றின் பக்கத்திலும் அதன் எண். அதே ஷீட்டில் வெட்டிய இன்னொரு துண்டை ஒவ்வொரு பள்ளத்திலும் நுழைத்துப் பார்க்க வேண்டும். 2.4-இல் நுழையவே இல்லை. 2.5-இல் சுத்தியல் வேண்டியிருந்தது, ஓரம் பிளந்தது. 2.6-இல் உள்ளங்கையால் அழுத்தியதும் ‘டக்’ என்று போய் உட்கார்ந்தது. தலைகீழாகப் பிடித்து உதறினாலும் விழவில்லை. கணக்குப்படி 2.65 வர வேண்டும், கைக்குச் சரியாக இருந்தது 2.6. எம்டிஎஃப் கொஞ்சம் நசுங்கிக் கொடுப்பதால் அந்த இறுக்கம் நல்லது. அக்ரிலிக் நசுங்காது, விரிசல் விடும். அதில் இறுக்கக் கூடாது. ஒரு சீப்பு வெட்ட எனக்கு ஒன்றரை நிமிடம், 18 ரூபாய். விழுந்த பெட்டிக்கு 260 ரூபாய் ஆகியிருந்தது.

இன்னொன்று, மழைக்காலத்தில் எம்டிஎஃப் வளையும். வளைந்த பலகையில் ஒரு பக்கம் லென்ஸுக்கு அருகிலும் ஒரு பக்கம் தள்ளியும் இருக்கும். நடுவில் வெட்டு விழாது. நான்கு மூலையிலும் காந்தத்தை வைத்துத் தட்டையாக்கிவிட்டு, குவிய அளவை நடுவிலும் ஓரத்திலும் இரண்டு தடவை பார்த்துவிடுவேன்.

அடுத்து நான் செய்யப் போனது பெரிய தப்பு. பலகையின் மேல்பக்கம் புகைக்கறை படியாமல் இருக்க எதையாவது ஒட்டி வெட்டலாம் என்று கேள்விப்பட்டு, அண்ணாவின் கடையில் மீதியான வெள்ளை ரேடியம் ஸ்டிக்கரை பலகை முழுக்க அழகாக, ஒரு குமிழ்கூட இல்லாமல் ஒட்டிக்கொண்டு போனேன். மூடியைத் திறப்பதற்குள் அந்தப் பெண் ஓடி வந்து கையைப் பிடித்துவிட்டாள். “அக்கா, இது பிவிசி. இதை எரிச்சா வர்ற வாயு ஈரத்துல பட்டா ஆசிட்.” வினைல் என்பது பிவிசிதான், அதில் குளோரின் இருக்கிறது. லேசரில் எரிந்தால் ஹைட்ரஜன் குளோரைடு வரும். நுரையீரலையும் அரிக்கும், மெஷினின் கண்ணாடிகளையும் தண்டவாளங்களையும் அரிக்கும். சைன்போர்டு கடைகளில் புழங்குகிற சன்போர்டு, மல்ட்டிவுட், ரெக்சின் இதெல்லாமும் பெரும்பாலும் பிவிசி. என்ன பிளாஸ்டிக் என்று தெரியாத துண்டு கையில் கிடைத்தால், வெளியே காற்றோட்டமான இடத்தில் தாமிரக் கம்பியைச் சூடாக்கி அந்தத் துண்டில் தொட்டு, மறுபடி நெருப்பில் காட்ட வேண்டும். பச்சை நிறத்தில் எரிந்தால் குளோரின் இருக்கிறது என்று அர்த்தம்; மெஷினுக்குள் போகவே கூடாது. புகைக்கறைக்கு ஒட்ட வேண்டியது பெயிண்டர்கள் வைத்திருக்கிற காகித மாஸ்கிங் டேப்.

ஒரு தடவை தீயும் பார்த்தேன். நெளி அட்டையில் மாதிரி வெட்டிக்கொண்டிருந்தபோது கட்டை விரல் உயரத்துக்கு ஒரு மஞ்சள் சுடர் எழுந்தது, அணையாமல் கோட்டோடு கூடவே நகர்ந்தது. வெட்டுகிற இடத்தில் காற்று ஊதுகிற குழாயின் வால்வைத் திறக்க மறந்திருக்கிறேன். நிறுத்தும் பொத்தானை அழுத்தி, ஈரத்துணியைப் போட்டு அணைத்தேன். மூன்று நொடி இருக்கும். பக்கத்தில் நின்றிருந்ததால் மூன்று நொடி. மெஷின் ஓடும்போது போன் வந்தாலும் எடுப்பதில்லை.

சரி, எழுத்துக்கு வருகிறேன். எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான்.

தமிழ் எழுத்தை அப்படியே வெட்டினால் என்ன ஆகும் என்று திரையில் தெரியாது. வெட்டி எடுத்தால்தான் தெரியும். அகரத்தின் உள்வளையத்தில் இருந்த மரம் தனியாகக் கழன்று விழுந்தது. ஊகாரத்தின் தலையிலிருந்த சின்ன ‘ள’ தனியாக வந்தது. ஆய்தம் மூன்று வட்டமாக, மெஷினில் பலகையைத் தாங்குகிற தேன்கூட்டுத் தட்டுக்கு அடியில் போய்விட்டது. ஈயன்னாவின் இரண்டு புள்ளிகளும் மிளகு அளவுக்கு இரண்டு துண்டாக என் உள்ளங்கையில் இருந்தன. கடையில் வாங்கிய பலகையைச் செய்தவரும் இந்த இரண்டு துண்டைத்தான் பார்த்திருப்பார். குழந்தை வாயில் போட்டுக்கொள்ளுமே என்று பயந்து எடுத்திருப்பார். அந்தப் பயம் நியாயமானது. என் தங்கையின் ஒன்றரை வயதுக் குழந்தை வாரம் ஒரு முறை எங்கள் வீட்டுக்கு வருகிறது. அந்த வயதுப் பிள்ளைகளுக்கான பொம்மையில், சுமார் 32 மில்லிமீட்டர் விட்டமுள்ள சின்னக் குழாய்க்குள் முழுசாக அடங்கிவிடுகிற துண்டு எதுவும் இருக்கக் கூடாது.

புள்ளியைப் பாலம் போட்டு எழுத்தோடு இணைத்துப் பார்த்தேன். எழுத்தே வேறாகிவிட்டது, அதைப் பார்த்துப் பழகினால் பிள்ளை நோட்டிலும் பாலத்தோடுதான் எழுதுவான். இரண்டு வாரம் யோசித்தும் வழி தெரியவில்லை. அண்ணாதான் சொன்னார். பஸ்ஸில் ஒட்டுகிற எழுத்துக்கு வெள்ளையில் பார்டர் போடுவார்களே, அந்த பார்டரைப் பெரிசாக்கு என்றார். இங்க்ஸ்கேப் என்ற வரையும் மென்பொருளில் எழுத்தைப் பாதையாக (வெறும் கோட்டு வடிவமாக) மாற்றி, ஒன்றாக இணைத்து, எல்லாப் பக்கமும் 5 மில்லிமீட்டர் வெளியே தள்ளினேன். உப்பிய அந்த உருவத்தில் புள்ளிகள், கொம்பு, வளையம் எல்லாம் ஒன்றுக்குள் ஒன்று கலந்து, ஒரே வெளிக்கோடு ஆயிற்று. அந்தக் கோட்டை லேசர் வெட்டும். உள்ளே அசல் எழுத்தின் ஓரத்தைக் குறைந்த சக்தியில் கீறும். ஈயன்னா ஒரே துண்டு, அதன் மேல் இரண்டு புள்ளிகளும் இருந்த இடத்திலேயே.

எழுத்துருவுக்கு பலூ தம்பி என்ற இலவச எழுத்துருவை எடுத்தேன். மும்பையின் எக் டைப் குழு செய்தது. தடித்து, முனை உருண்டு, குழந்தை கைக்கு இதமாக இருக்கும். வெளியே வெட்டக் கொடுக்கிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். கோப்பைக் கொடுப்பதற்கு முன்னால் எழுத்தைக் கட்டாயம் கர்வாக, அதாவது நான் சொன்ன பாதையாக, மாற்றிவிடுங்கள். அந்தக் கடைக் கம்ப்யூட்டரில் நம் எழுத்துரு இருக்காது. கட்டம் கட்டமாக வரும், அல்லது பழைய கோரல் டிராவில் கொம்பு இடம் மாறி நிற்கும். எழுத்துருவில் ஒன்றன்மேல் ஒன்று படிந்த கோடுகள் இருந்தால் இணைக்காமல் விடாதீர்கள். மெஷின் இரண்டையும் வெட்டும், எழுத்துக்குக் குறுக்கே ஒரு கீறல் விழும்.

பலகையின் அடி முழு ஷீட். அதன்மேல் குழிகள் வெட்டிய 3 மில்லிமீட்டர் ஷீட்டை ஃபெவிகால் போட்டு ஒட்டி, மேலே அரிசி டப்பாக்களை ஏற்றி வைத்தேன். எழுத்துத் துண்டுகளை 5.5 மில்லிமீட்டர் எம்டிஎஃப்பில் வெட்டினேன். குழியைவிட உயரமாக நின்றால்தான் சின்ன விரல் பிடித்துத் தூக்க முடியும். குழியிலிருந்து வந்த துண்டையே பயன்படுத்தினால் இடைவெளி வெறும் 0.15, இரண்டு கோட்டிங் பூசியதும் உள்ளே போகாது. அதனால் குழியின் கோட்டை ஒவ்வொரு பக்கமும் அரை மில்லிமீட்டர் கூட்டினேன். பெட்டிக்கு இறுக்கம் வேண்டியிருந்தது, இதற்குத் தாராளம் வேண்டும்.

எழுத்தின் உள்பகுதியை லேசரால் சுரண்டி நிரப்பலாம். ஒரு எழுத்துக்கு நான்கு நிமிடம், பதின்மூன்றுக்கு 600 ரூபாய்க்கு மேல் ஆகும். இங்கேதான் ப்ளாட்டர் மறுபடி வந்தது. அதே கோப்பை அண்ணாவின் கடையில் ஸ்டிக்கரில் வெட்டினேன். இந்த முறை உரித்தெடுத்தது எழுத்தை. சுற்றுப்புறம் அச்சாக நின்றது. அகரத்தின் உள்வளையம் தனித் தீவு, அதை இடம் மாறாமல் தூக்க மேலே டிரான்ஸ்ஃபர் டேப் ஒட்டி, லேசர் கீறலோடு பொருத்தி, பழைய ஏடிஎம் கார்டால் நடுவிலிருந்து ஓரத்துக்குத் தேய்த்தேன். ஸ்பாஞ்சில் அக்ரிலிக் பெயிண்ட்டைத் துளி எடுத்து ஒற்றி ஒற்றி இரண்டு தடவை. பிரஷ்ஷால் இழுத்தால் ஓரத்துக்கு அடியில் கசியும். பெயிண்ட் முழுக்கக் காய்வதற்கு முன்னால் ஸ்டிக்கரை உரித்தேன். கத்தியால் வெட்டிய மாதிரி ஓரம்.

வெட்டு ஓரங்களில் கரி இருக்கும். பிள்ளை கையெல்லாம் கறுப்பாகும். 220 நம்பர் உப்புத்தாளால் தேய்த்து, ஈரத்துணியால் துடைத்து, ஸ்பிரிட்டில் கரைத்த ஷெல்லாக் இரண்டு கோட் பூசினேன்; லாக்குப் பூச்சியிலிருந்து கிடைக்கிற அரக்கு அது. நம் ஊரிலிருந்து மைசூர் போகிற வழியில் சென்னபட்டணத்தில் மரப்பொம்மைக்குக் கடைசலில் ஏற்றுகிற அரக்கும் இதே லாக்குப் பூச்சியிலிருந்து வருவதுதான். அந்த மினுமினுப்பு எனக்கு வரவில்லை. ஆனால் கரி கையில் ஒட்டவில்லை.

அக்டோபரில் சரஸ்வதி பூஜை அன்று பலகையை மகன் கையில் கொடுத்தேன். முதலில் ஃ-ஐ எடுத்து, “இது என்னம்மா, அடுப்பா?” என்றான். அப்புறம் ஈயன்னாவை எடுத்து, இரண்டு புள்ளிகளையும் விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்தான். கீறலின் பள்ளம் விரலுக்குத் தெரிகிறது.

தோற்றது எல்லாம் சேர்த்து 4,200 ரூபாய் ஆகியிருக்கிறது. இனி ஒன்று செய்ய 700 போதும். பேத்திக்குக் கன்னடத்தில் ஒன்று வேண்டும் என்று அண்ணா கேட்டிருக்கிறார். பலூ தம்பியோடு பிறந்த கன்னட எழுத்துரு இருக்கிறது, பேர் பலூ தம்மா. தம்மா என்றால் கன்னடத்தில் தம்பி. அங்கே உயிரெழுத்து பதின்மூன்று. நமக்குப் பன்னிரண்டும் ஆய்தமும். குழிக்கணக்கு மாறவில்லை. தலைக்கட்டுகளை நான் நன்றாக அறிவேன், 5 மில்லிமீட்டரில் அடங்கிவிடும். நேற்று புது ஷீட் வாங்கி வந்தேன். கடைக்காரர் மூன்று என்று கொடுத்தார், வெர்னியர் 2.9 காட்டுகிறது. சனிக்கிழமை முதல் வேலை சீப்பு.